கட்டுச்சோறும் கரடியின் மூக்கும்

அமெரிக்க மலையேற்ற வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு டப்பா பழக்கமாகியிருக்கும். கைப்பிடி இருக்காது, கொக்கி இருக்காது, பல் பதிய ஒரு விளிம்புகூட இருக்காது. வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக் உருளை. நாலைந்து நாள் சாப்பாட்டை அதற்குள் திணித்து, மூடியைத் திருகி, ராத்திரியில் கூடாரத்திலிருந்து எட்டத்தில் வெறுந்தரையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். கரடி வரும், உருட்டும், கடிக்கும், ஏறி மிதிக்கும், கடைசியில் சலித்துப் போகும். விடிந்ததும் டப்பாவைத் தேடி எடுத்துக் காலைச் சாப்பாடு. இதைப் பார்த்துவிட்டு, நம்ம மலைக்கும் ஒன்று வாங்கிவிடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை கைக்கெட்டும் தூரம்தான். அங்கே கரடி உண்டு. பையில் சாப்பாடும் உண்டு. ஆகவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் என் கட்சி வேறு. நம் காட்டில் சாப்பாட்டைப் பத்திரப்படுத்தும் வேலை மலையடிவாரத்தில் அல்ல, வீட்டு அடுக்களையிலேயே தொடங்கி அங்கேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. என்ன கட்டிக்கொண்டு போகிறோம், அதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான் விஷயம். எந்த டப்பா என்பது மூன்றாம் பட்சம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

முதலில் எந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிக்கொள்வோம். குமரி மாவட்டத்தின் வடக்கும் கிழக்கும் ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம். அதற்கு அப்பால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். எல்லாம் சேர்ந்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருகின்றன; 2016இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்ற அதே காடு. புலி, சிறுத்தை, ஆனை, காட்டுமாடு, மிளா, பன்றி, கரடி எல்லாம் இதில் உண்டு. இந்தக் காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடித்துப் படுத்துவிட முடியாது. அனுமதியில்லாமல் நுழைவதும் தீ மூட்டுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டபோது, நம் மாவட்டத்தில் காளிகேசம்–பாலமோர், இஞ்சிக்கடவு என்ற பாதைகளும் அதில் இருந்தன. காலையில் ஏறி, வழிகாட்டியோடு நடந்து, பொழுது சாயுமுன் இறங்கிவிட வேண்டிய பாதைகள் இவை. இரவு தங்கும் நடை என்றால் நம்மவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கேரளத்து போனக்காடு வழியாக ஏறும் அகத்தியர்கூடம். வழியில் அதிருமலையில் தங்கல். 1868 மீட்டர் உயரமுள்ள அந்த உச்சிக்குப் பருவத்தில் மட்டும், எண்ணி எண்ணித்தான் ஆள் விடுகிறார்கள். ஆக, ஒரு வாரச் சாப்பாட்டைக் காட்டுக்குள் சுமக்கும் அமெரிக்கப் பிரச்சினை நமக்கு இல்லை. நம் பிரச்சினை ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு நொறுக்குத்தீனிப் பொட்டலம், அதை நூறு பேர் நூறு நாள் கொண்டு போவது.

இங்கேதான் முதல் ஆட்சேபம் வரும். நம் கரடி அமெரிக்கக் கரடி இல்லையே, அது கரையான் தின்கிற கரடியாயிற்றே, அதற்கு நம் புளியோதரை எதற்கு என்பார்கள். பாதி சரி. நம் கரடியின் உடம்பே கரையானுக்காகச் செய்யப்பட்டது. மேல்வரிசையில் நடுவிலுள்ள இரண்டு வெட்டுப்பற்கள் அதற்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாக, உதட்டைக் குழல்போல நீட்டி, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, புற்றுக்குள்ளிருந்து கரையானை உறிஞ்சி இழுக்கும். அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும். நீண்டு வளைந்த நகம் புற்றை உடைக்க. இது போக, பருவத்துக்குப் பருவம் நாவல், இலந்தை, கொன்றைக் காய், இலுப்பைப் பூ, தேன். இவ்வளவும் காட்டிலேயே கிடைக்கும்போது அது ஊருக்குள் வருவானேன் என்று கேட்டால், நீலகிரியைப் பார்க்கச் சொல்வேன். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி கோயில் கதவை உடைத்து விளக்கெண்ணெயைக் குடிப்பதும், பள்ளிக்கூடத்துச் சத்துணவு அறைக்குள் நுழைவதும், கடைக்குள் புகுந்து சர்க்கரையையும் எண்ணெயையும் தின்பதும் அங்கே வாடிக்கையான செய்தி. கரையான் தின்பதற்கென்றே வளர்ந்த மிருகம்தான் அது. ஆனால் கொழுப்பும் இனிப்பும் ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது, புற்றைத் தோண்டும் பாடுகூட இல்லை என்று ஒரு முறை தெரிந்துகொண்டால் போதும். நாள் முழுக்கத் தோண்டிக் கிடைக்கும் சத்து ஒரு எண்ணெய்த் தூக்கில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிறது. அந்தக் கணக்கு கரடிக்கு நம்மைவிட நன்றாகவே வரும். நீலகிரிக் கரடியும் நம் கரடியும் ஒரே இனம்தான். அங்கே தேயிலைத் தோட்டமும் ஊரும் காடும் பின்னிக் கிடப்பதால் அது முன்பே கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதைச் சொல்லும்போது மிகைப்படுத்தாமலும் இருக்க வேண்டும். கரடி மனிதனைத் தாக்குவது பெரும்பாலும் சோற்றுக்காக அல்ல. கண்ணும் காதும் அவ்வளவு கூர்மையில்லாத மிருகம் அது. மூக்குதான் அதன் உலகம். புற்றில் தலையை விட்டிருக்கும்போது நாம் சத்தமில்லாமல் பக்கத்தில் போய்விட்டால் திடுக்கிடும். புலியோடும் ஆனையோடும் ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய கரடி திடுக்கிட்டால் ஓடுவதைவிட எதிர்த்து நிற்பதையே தேர்ந்தெடுக்கும். குட்டி முதுகில் இருந்தால் கேட்கவே வேண்டாம். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கத்தில் ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. முதலில் சிக்கியவர் பைக்கில் மசாலாப் பொட்டலம் விற்கப் போனவர், மற்ற இருவர் அவரைக் காப்பாற்றப் போனவர்கள். மசாலா வாசனைக்குத்தான் வந்தது என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிடலாம். அதற்கு ஆதாரம் ஒன்றும் கிடையாது. சாலை ஓரத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட விபத்தாகவே அது இருக்கலாம். என் வாதத்துக்கு அந்த வாசனை தேவையும் இல்லை. தாக்குதல் நடப்பது திடீர்ச் சந்திப்பால் என்றால், சந்திப்பு எத்தனை தடவை நிகழ்கிறது என்பதே அபாயத்தின் அளவு. சாப்பாடு செய்வது இதைத்தான். ஆள் நடக்கும் பாதைக்கும் ஆள் உட்காரும் பாறைக்கும் கரடியை வரவழைத்து, சந்திப்பைப் பெருக்கிவிடுகிறது. அன்றைக்குச் சோறு சிந்தியவர் பத்திரமாக வீடு திரும்பியிருப்பார். மாட்டுவது அடுத்த மாதம் அதே வழியில் வருகிற வேறொருவர், இல்லையென்றால் அதே காட்டில் குடியிருக்கிற காணிக்காரர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையத்தில் பிடிபட்ட அந்தக் கரடி மயக்க ஊசி போட்டுக் களக்காட்டுக் காட்டில் விடப்பட்டது, அங்கே செத்துப் போனது. மனிதனோடு முட்டிக்கொண்ட விலங்குக்குக் கடைசியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது.

அந்த அமெரிக்க டப்பாவின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் அது என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. கலிபோர்னியாவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் 1998ஆம் ஆண்டில் மட்டும் கரடித் தொல்லை என்று பதிவான சம்பவங்கள் 1500க்கு மேல். பாதிக்கு மேல் கார்கள். தகரம் கிழிப்பதுபோலக் கார்க் கதவை உரித்து உள்ளே கிடந்த பிஸ்கட்டை எடுத்திருக்கின்றன. 1999 முதல் அரசு ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கியது. முகாம்களில் இரும்புப் பெட்டகம், கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டி, நடந்து போகிறவர்களுக்குக் கட்டாய டப்பா, விதி மீறினால் அபராதம். அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் தொல்லை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. இதைவிட எனக்குச் சுவாரசியமாகத் தோன்றுவது வேறொரு கணக்கு. நூறாண்டுக் காலத்துக் கரடி ரோமத்தையும் எலும்பையும் எடுத்து, அவற்றில் மனித உணவின் தடயம் எவ்வளவு என்று வேதியியல் முறையில் அளந்து 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1999க்குப் பிறகு கரடிகளின் தீனியில் மனித உணவின் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்து, ஏறக்குறைய 1915ஆம் ஆண்டு வாக்கில் இருந்த அளவுக்கே திரும்பியிருந்தது. கரடி திருந்தவில்லை. கிடைப்பது நின்றது, அது பழைய தீனிக்குப் போய்விட்டது. இதில் டப்பாவுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெட்டகம், குப்பைத்தொட்டி, அபராதம், காவலர் என்று ஒரு முழு ஏற்பாட்டின் ஓர் உறுப்பு அது. தனியாக அதை மட்டும் விலைக்கு வாங்கி வந்து குமரியில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் மலையில் ஒரு பெண் கரடி. காதில் இரண்டு மஞ்சள் பட்டை இருந்ததால் யெல்லோ யெல்லோ என்று பெயர். ஒரு பிரபல நிறுவனத்தின் டப்பா மூடியை எப்படித் திறப்பது என்று அது தானாகவே கண்டுபிடித்தது. நிறுவனம் மூடியில் இன்னொரு தடுப்பு வைத்தது. அதையும் திறந்தது. 2012இல் வேட்டைப் பருவத்தில் சுடப்பட்டுச் செத்தது. டப்பாக்களுக்குச் சான்றிதழ் தரும் இடத்தில், கூண்டுக் கரடிகளிடம் அதைக் கொடுத்து ஒரு மணி நேரம் போராட விட்டுப் பார்க்கிறார்கள். காட்டுக் கரடிக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உண்டு.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு பாடம் நடந்துகொண்டிருக்கிறது. கரடி அல்ல, ஆனை. இடுக்கி மாவட்டம் சின்னக்கானல் பக்கம் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றே பெயர் வாங்கிய அரிக்கொம்பன். பன்னியாறு எஸ்டேட் ரேஷன் கடை அதனிடம் பட்ட பாடு கேரளம் முழுக்கத் தெரியும். அதைப் பிடிக்கப் போட்ட திட்டத்திலேயே போலி ரேஷன் கடை ஒன்று இருந்தது என்றால் பழக்கம் எவ்வளவு உறுதி என்று பாருங்கள். 2023 ஏப்ரல் கடைசியில் பிடித்துப் பெரியாறு காப்பகத்தில் விட்டார்கள். மே 27ஆம் தேதி கம்பம் நகரத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 5ஆம் தேதி தமிழக வனத்துறை மறுபடியும் பிடித்து, மறுநாள் கொண்டுவந்து இறக்கிய இடம் நம் தலைக்கு மேலே, அப்பர் கோதையாறு முத்துக்குழிவயல் பக்கம். அப்போது பேச்சிப்பாறை, குற்றியாறு சுற்றுவட்டாரத்தில் ஜனங்கள் பட்ட பயம் மறந்திருக்காது. அதே ஆண்டு செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தோட்டப் பக்கம் வந்து போனது, பிறகு திரும்பக் கோதையாற்றுக் காட்டுக்கே போனது. இந்த ஆனையை நான் இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அரிசிக் கடை இல்லாத காட்டில் விடப்பட்ட பிறகு அது ரேஷன் கடையைத் தேடி நாஞ்சில் நாட்டுச் சமவெளிக்கு இறங்கவில்லை, புல்லும் மூங்கிலும் தின்று இருக்கிறது. யோசமிட்டிக் கணக்கு சொன்னதையே இதுவும் சொல்கிறது. ஆனால் ஒரே ஒரு ஆனையை வைத்து விதி எழுதக்கூடாது என்பதும் தெரியும். அதனால் இப்படிச் சொல்கிறேன்: அரிசியின் ருசி அறிந்த ஓர் ஆனை இருக்கிற காட்டுக்கு, அரிசிச் சோற்றுப் பொட்டலத்தோடு போகிற நாம் கொஞ்சம் யோசித்துப் போகலாம்.

இனி நம் கரடிக்கும் ஆனைக்கும் அந்த டப்பாவைக் காட்டிப் பாருங்கள், அது ஏன் போதாது என்பது தெரியும். டப்பா உடையாமல் காக்கும். வாசனையை முழுக்க அடைக்காது. கரடியின் தாடைக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது அது, மூன்று நான்கு டன் எடையுள்ள ஆனையின் காலுக்கு எதிராக அல்ல. ஆனையின் மூக்கைப் பற்றி ஒரு தகவல்: ஆப்பிரிக்க ஆனையின் மரபணுத் தொகுதியில் வாசனை அறியும் ஏற்பிகளுக்கான மரபணுக்கள் ஏறக்குறைய 2000, நாயைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், மனிதனைப்போல ஐந்து மடங்கு. நம் ஆசிய ஆனை மட்டும் மட்டமாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. சரி, மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் என்ன என்பார்கள். அமெரிக்காவிலும் முன்னர் அதுதான் வழக்கம். கரடி கயிற்றை அறுக்கக் கற்றது, கிளையை ஒடிக்கக் கற்றது, அதனால்தான் டப்பாவே வந்தது. நம் கரடி தேனடைக்காக மரம் ஏறுகிற கரடி. கரடிக்கு எட்டாத உயரத்தில் கட்டினால் அங்கே குரங்கு தயாராக இருக்கும், கிளை தாழ்ந்தால் ஆனையின் தும்பிக்கை. நெருப்பு மூட்டினால் மிருகம் வராதே என்று மூன்றாவதாக ஒருவர் சொல்வார். நெருப்புக்கான பதிலைத் தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி கொடுத்தாயிற்று. அந்தக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் செத்தார்கள், அதற்குப் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. காட்டில் தீ வைக்கும் யோசனையை இனி யாரும் விளையாட்டாகக்கூடச் சொல்ல வேண்டாம்.

ஆகவே திரும்ப அடுக்களைக்கு. நாஞ்சில் நாட்டுக் கட்டுச்சோறு என்பது வாசனைக் களஞ்சியம். தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் உப்பேரி, கருவாட்டுப் பொடி, நெய் மணக்கும் பருப்புச் சாதம், வெல்லப்பாகில் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து, போதாக்குறைக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம். சக்கைப்பழச் சீசன் என்றால் சுளையை இலையில் பொதிந்து எடுத்துப் போகிறவர்களும் உண்டு. ஆனைக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரிதான் அது, பலாப்பழத்துக்காகத் தோட்டத்துக்குள் வரும் ஆனையைப் பற்றி மலையடிவாரத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். தேன் குப்பியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன், மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன மாவட்டத்துக்காரர்கள் நாம், கரடிக்கும் அந்த விஷயத்தில் நம் ருசிதான். இவற்றை வீட்டில் வைத்துத் தின்போம். மலைக்குக் கொண்டுபோக வறுத்த கடலை, அவல், பொரிகடலை, காய்ந்த பேரீச்சை, எண்ணெய் விடாத சப்பாத்தி போதும். ஒரு நாள் நடைக்கு ஒருவருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. அளந்து கட்ட வேண்டும். மிச்சம் வருகிற அளவுக்குக் கட்டுவதுதான் காட்டுக்குள் எல்லாத் தொல்லைக்கும் ஆரம்பம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைக்கிற அந்த இரண்டாவது பொட்டலம்தான் வழியில் யாரோ ஒருவர் குரங்குக்கு எறிகிற பொட்டலம். பிறகு பாத்திரம். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் போதும், அதையும் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு முடிச்சிட்டால் வாசனை கணிசமாகக் கட்டுப்படும். முழுக்க அடங்காது, ஆனால் பகலில் நம் முதுகிலேயே இருக்கிற பைக்கு அவ்வளவு போதும். பையைப் பாதை ஓரம் போட்டுவிட்டு அருவியில் குளிக்கப் போவதுதான் உண்மையில் பெரிய தப்பு. எத்தனை விலையுள்ள டப்பாவானாலும் ஆளில்லாத பைக்குள் இருந்தால் குரங்குக்கு ஒரு விளையாட்டுச் சாமான்.

அதிருமலை போன்ற இடத்தில் இரவு தங்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே ஆனை உள்ளே வராதபடி அகழி உண்டு, சாப்பிட உணவகமும் உண்டு. ஆகவே தனியாகச் சாப்பாடு சுமந்து போவதற்குக் காரணமே இல்லை. ஆனாலும் படுக்கை ஓரம் மிக்சர் பாக்கெட்டை வைத்துக்கொண்டு அரட்டை அடிக்கிறவர்கள் இருப்பார்கள். அதைத் தவிர்க்கலாம். பற்பசை, வாசனைச் சோப்பு, தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், மருந்துத் தைலம் எல்லாம் கரடிக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே வரும். கோயில் விளக்கெண்ணெயைக் குடிக்கிற மிருகத்துக்கு நம் எண்ணெய்க் குப்பி என்ன பெரிய வித்தியாசம்? அமெரிக்கர்கள் தூங்கும் இடம், சமைக்கும் இடம், சாப்பாடு வைக்கும் இடம் மூன்றையும் ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில் வைத்துக்கொள்வார்கள். அந்த ஒன்றை மட்டும் அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லாத விஷயம்.

இலையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிவு முடியாது. பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு வாழையிலையில் பொதிந்து கொண்டுபோகிறவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். இலைதானே, தோல்தானே, மக்கிவிடும் என்று சாப்பிட்ட இடத்திலேயே போட்டுவிட்டும் வருகிறார்கள். மக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குமுன் அந்த இலையில் ஒட்டிய சோறும் உப்பும் எண்ணெயும் அன்று ராத்திரியே ஒரு மிருகத்தின் வயிற்றுக்குப் போய்விடும். மண்ணுக்கு என்ன கெடுதல் என்று மட்டும் யோசித்துப் பழகிவிட்டோம். மிருகத்தின் நினைவுக்கு என்ன ஆகிறது என்று யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் உறை பல ஆண்டுக் காலம் கிடந்து பிராணியின் குடலை அடைக்கும், அது ஒரு கேடு. மட்டிப்பழத் தோலும் எலும்புத் துண்டும் ஒரே ராத்திரியில் காணாமல் போகும், அது வேறு ஒரு கேடு, கண்ணுக்குத் தெரியாதது. சாப்பிட்ட பாறை மறுநாள் சுத்தமாக இருந்தால், பார்த்தீர்களா காடு எல்லாவற்றையும் சுத்தப்படுத்திக்கொள்கிறது என்று மகிழ்ந்துபோக ஒன்றுமில்லை. வந்து தின்றுவிட்டுப் போனது, மறுபடி வரும் என்றுதான் பொருள். ஆகவே இலையும் தோலும் எலும்பும் பையிலேயே திரும்பி வரட்டும்.

கடைசியாக வரும் ஆட்சேபம்தான் கனமானது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலில் ஜனக்கூட்டம் கூடுகிறது, புலிகள் காப்பகத்தின் நடுவே குடில் போட்டு ஆடு வெட்டிச் சமைக்கிறார்கள். மலையோரம் முழுக்க ரப்பர், கிராம்பு, வாழை என்று ஆனை வழித்தடத்தையே தோட்டமாக்கியிருக்கிறோம். சபரிமலையில் பன்றிக்கு எச்சில் இலைதான் தீனி. இவ்வளவு பெரிய விஷயங்களை விட்டுவிட்டு, என் கையிலிருக்கும் ஒரு சம்படத்தைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசுவானேன்? நியாயமான கேள்வி. வாழிடம் சுருங்கியதுதான் மனித–விலங்கு மோதலின் வேர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு மலையேற்றக்காரர் கவனமாக இருந்தால் ஆனை வாழைத்தோட்டத்துக்கு வராமல் இருக்கப் போவதில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. திருவிழாவுக்கு நாள் குறித்திருக்கிறது; எத்தனை நாள் தங்கலாம், எதைக் கொண்டுவரக் கூடாது என்று வனத்துறையும் காவல்துறையும் வழக்கமாகக் கட்டுப்பாடு விதிக்கின்றன, போதுமா என்பது வேறு விவாதம். தோட்டமும் ஊரும் எங்கே இருக்கின்றன என்று எல்லாருக்கும் தெரியும், காவலும் உண்டு, சத்தமும் உண்டு. மலையேற்றப் பாதை இப்படியல்ல. இதுவரை மனிதச் சோற்றின் வாசனையே அறியாத உட்காட்டுக்குள் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நாம்தான், வேறு யாருமில்லை. ஊருக்கு வரும் மிருகத்தை ஊர்தான் பழக்கியது என்றால், உட்காட்டில் இருக்கும் மிருகத்தை ஊருக்குப் பழக்குவது நம் கட்டுச்சோறாக இருக்கும். மற்றவர்கள் செய்யும் பெரிய தப்பு நம் சின்னத் தப்பைக் கழித்துவிடாது. கணக்கில் அது கூட்டலாகத்தான் வரும்.

காணிக்காரர்கள் அங்கேயே வாழ்கிறார்களே, அவர்கள் சமைப்பதில்லையா என்றும் கேட்கலாம். சமைக்கிறார்கள், மரச்சீனியும் வாழையும் நடுகிறார்கள், ராத்திரியில் பரண் ஏறிக் காவல் இருக்கிறார்கள், அப்படியிருந்தும் ஆனையிடமும் பன்றியிடமும் ஒவ்வொரு ஆண்டும் இழக்கிறார்கள். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள குடியிருப்புகளில் இது செய்தியாகக்கூட வருவதில்லை. காட்டை விட்டு வெளியே போக வேண்டியவர்கள் அல்ல அவர்கள். நாம் ஒரு நாள் ஆசைக்கு ஏறி இறங்குகிறவர்கள். நாம் பழக்கிவிட்டுப் போகும் கரடியின் பக்கத்தில் அடுத்த நாள் விறகு பொறுக்கப் போவது அவர்கள் வீட்டுப் பெண்கள். இந்தப் பாதைகளில் வழிகாட்டியாக வருகிறவர்களிலும் அவர்கள் பிள்ளைகள் உண்டு. அந்த வழிகாட்டி ‘அண்ணா, அந்தத் தோலை எடுத்துக்கிடுங்க’ என்று சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டிய காரணம் அதில் இருக்கிறது.

எல்லாவற்றையும் தனிமனித நல்லெண்ணத்தில் விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. யோசமிட்டியில் நல்லெண்ணத்தால் எதுவும் நடக்கவில்லை, விதியாலும் அபராதத்தாலும்தான் நடந்தது. இங்கே சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடுகிறார்கள், மது பாட்டிலைத் தேடுகிறார்கள். சாப்பாட்டையும் பார்க்கலாம். எத்தனை பொட்டலம் உள்ளே போகிறது என்று எழுதி, ஒரு சின்ன முன்பணம் வாங்கிக்கொண்டு, இறங்கும்போது உறையும் இலையும் திரும்ப வந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம். புதிய யோசனை ஒன்றுமில்லை. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 2022இல் உயர் நீதிமன்றம் சொல்லிப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. காட்டில் உடைந்த கண்ணாடி மிதித்துக் கால் அறுபடும் ஆனையை நினைத்துச் செய்தது அது. குடிகாரர்கள் திருப்பிக் கொடுக்கும்போது மலையேற்றக்காரர்கள் கொடுக்கமாட்டார்களா? அடிவாரத்தில் கரடியும் குரங்கும் திறக்க முடியாத இரும்புத் தொட்டி இரண்டு, அதை அன்றாடம் காலி செய்ய ஓர் ஆள், அவ்வளவே கூடுதல் செலவு. காளிகேசத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வைத்துத் தொடங்கிப் பார்த்தால் ஒரு சீசனிலேயே தெரிந்துவிடும், இது நடக்குமா நடக்காதா என்று.